மொக்கையன் அண்ணன் வீட்டு ஏலக்காய்

தெர்மகோல் ஒழிந்த அன்றைக்கு என் கடையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அபுபக்கரே நம்பவில்லை. “உன் கையால டீயா? மழை வரப் போகுதுடி” என்றார். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் ஃபாயிசா. போடியில் ஏல ஹாலுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்காக அந்தக் கடையின் மூலையில் தெர்மகோல், சார்ட்டு, பசை, ஜிகினாத்தூள் எல்லாம் பன்னிரண்டு வருடம் விற்றேன். அந்தத் தெர்மகோல் இருக்கிறதே, அதைவிடப் பெரிய இம்சை உலகத்தில் கிடையாது. வெட்டினால் உதிரும், உதிர்ந்தால் ஒட்டும், ஒட்டினால் போகாது. புர்காவில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். பிரிண்டருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு மெக்கானிக்கை வரவழைக்கும். அதனால்தான், ‘இந்த வருடம் அறிவியல் கண்காட்சி முழுக்க டிஜிட்டல். தெர்மகோல், சார்ட்டு, பசை எதையும் பள்ளிக்குள் கொண்டு வரக் கூடாது’ என்று பெண்கள் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் அதற்காகத் துக்கப்பட்டவர் ஒரே ஒருத்தர்தான். அவர் மொக்கையன் அண்ணன்.

மொக்கையன் அண்ணனுக்குச் சொந்த ஊர் சிலமலை. ஏல ஹாலில் சாம்பிள் கொடுக்கிற வேலை, பத்தொன்பது வருடமாக. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் விளைகிற ஏலக்காய் மூட்டை மூட்டையாக எங்கள் ஊருக்கு இறங்கும். காய் என்றாலே எங்களுக்கு அதுதான், கத்தரிக்காய் வெண்டைக்காயெல்லாம் அதற்கு அப்புறம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு மூட்டைக் குவியலிலிருந்தும், சாம்பிள் எடுத்துச் சின்னக் கவரில் போட்டு, ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு வியாபாரி முன்னாலும் வைக்க வேண்டும். விலையை ஏற்றுவதென்னவோ கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கித்தான். ஆனால் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் கவரைக் கிழிப்பார்கள், தட்டில் கொட்டி உருட்டுவார்கள், மோந்து பார்ப்பார்கள். காய் பச்சையாக, திரட்சியாக இருந்தால் பல்லில் வைத்து ஒரு கடி. உள்ளே விதை கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியே தரையில் போட்டுவிட்டு, அடுத்த கவருக்குக் கையை நீட்டுவார்கள். மட்டக் காய் என்றால் கடிப்பதுகூடக் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் தரைக்குப் போய்விடும்.

ஏலம் முடிந்ததும் அந்தத் தரையைக் கூட்டுவதும் அண்ணனுடைய சோலிதான். கூட்டியதைப் பிரித்துக் கம்பெனி மூட்டையில் போட்டது போக, ஒரு கைப்பிடி வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கைப்பிடியை அண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் கடை வழியாகப் போனால், ஆள் போய் அஞ்சு நிமிஷம் கழித்தும் வாசம் நிற்கும்.

இப்படி நாள் முழுக்க அடுத்தவர் கைக்குக் காயை எடுத்துக் கொடுத்தே பழகிய மனிதர், தன் கையால் எதையாவது செய்தே தீருவேன் என்று பிடித்த இடம் மகள் பானுப்பிரியாவின் புராஜெக்ட். மனைவி அய்யம்மாள் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போனால் பொழுது சாயத்தான் இறங்குவார். “ஏறி எறங்கி ஏறி எறங்கி முதுகு விட்டுப்போச்சு, இதுல வீட்டுக்குள்ள வந்தா கால வைக்க எடமில்ல. இது வீடா, இந்த ஃபாயிசா கடைச் சரக்குக் கிட்டங்கியா?” என்று எனக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

ஆறாம் வகுப்பில் அண்ணன் சூரியக் குடும்பம் செய்தார். சனிக் கிரகத்துக்கு வளையம் அய்யம்மாளின் வளையல். ஏழாம் வகுப்பில் மனித இதயம். காய் மூட்டைச் சாக்கை வெட்டித் தைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார். பார்க்க வந்த தலைமை ஆசிரியை, “ஏன் பாயசம் வாசம் அடிக்குது?” என்று கேட்டாராம். எட்டாம் வகுப்பில் போடிமெட்டு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் வளைத்து, தீப்பெட்டியில் ஜீப்பு செய்து, ஜீப்புக்குள் பதினாறு தலையை மிளகில் செய்து ஒட்டியிருந்தார். “இத்தனை பேர் ஏத்தலாமா?” என்று கேட்டார் அறிவியல் டீச்சர் சந்திரவல்லி. “கொறச்சுத்தான் ஒட்டிருக்கேன் டீச்சர். இதுக்கு மேல மெளகு இல்ல” என்றார் அண்ணன்.

வினையே அங்கேதான். கேள்வியைப் பானுவிடம் கேட்டார்கள். பதில் சொன்னது அண்ணன். மழை எவ்வளவு, மண் என்ன, சரிவு ஏன் விழுகிறது என்று நடுவர்கள் கேட்கக் கேட்க, பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பானு கேட்டாளாம், “கேள்வி என்கிட்டக் கேட்டாங்க, பதில் நீ சொன்ன. அப்ப பரிசு யாருக்குப்பா?”

அதனால் ஒன்பதாம் வகுப்பில் டிஜிட்டல் என்றதும் பானு என் கடைக்குக் குதித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அண்ணன், கொடி இறங்கிய கட்சிக்காரர் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, இந்த டிஜிட்டலுக்கு என்ன சாமான் வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்க வேண்டாண்ணே.”

“எதையாச்சும் வெட்டணுமா, ஒட்டணுமா?”

“எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். வீட்ல போய்ப் படுத்துத் தூங்குங்க.”

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கே ஏண்டா சொன்னோம் என்றாகிவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்வேனா? “ஒங்க கத்தரிக்கோலையும் பசையையும் கட்டிக்கிட்டு நான் அழுததெல்லாம் போதும்” என்று இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத்தான் சொன்னேன்.

பானுதான் அப்பாவைப் பார்த்துப் பாவப்பட்டாள். “ஒரு சோலி இருக்குப்பா” என்றாள். அவள் யோசனை இதுதான். படத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், பிறகு தானாகவே தரம் பிரித்துச் சொல்கிற வலைத்தளம் ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. என் கடை லேப்டாப்பே போதும்.

“நாய்க்குட்டியப் பழக்குற மாதிரிதான் அத்தே. இது மொதத் தரம், இது மட்டம்னு நூறு நூறாக் காட்டிக்கிட்டே இருக்கணும். அப்புறம் புதுசா ஒரு காயக் காட்டுனா அதுவே சொல்லிரும்” என்று எனக்கு விளக்கிவிட்டு, அப்பாவிடம் திரும்பினாள். “எனக்கு ஆயிரம் காய் வேணும். தரம் பிரிச்சு நீ குடு. நான் படம் புடிச்சுக்கிறேன்.”

அவ்வளவுதான், செத்த முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. “கொண்டாறேன் ஆத்தா! ஆயிரம் என்ன, ரெண்டாயிரங் கொண்டாறேன்!”

“இன்னும் முடிக்கல. கண்காட்சியன்னைக்கு நீ வாயத் தெறக்கக் கூடாது. சரின்னா வா. இல்லன்னா வராத.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். “சரி ஆத்தா” என்றார்.

அன்றிலிருந்து ஒரு மாதம், ஏலம் நடந்த நாளெல்லாம் சாயங்காலம் சட்டைப் பையோடு அண்ணன் வருவார். என் மேசையில் வெள்ளைத் தாளை விரித்துக் காயைக் கொட்டி, இந்தப் பக்கம் முதல் தரம், அந்தப் பக்கம் மட்டம் என்று பிரிப்பார். பார்க்கணுமே அந்தக் கையை! கண் வேறு எங்கேயோ இருக்கும், என்னோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும், விரல் மட்டும் பிரித்துக்கொண்டே போகும். ஒன்றுகூடத் தப்பாது. ஒரு நாள் பிரித்து முடித்ததை நானே வேண்டுமென்று கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி பிரிக்கச் சொன்னேன். அதே காய் அதே பக்கம் போனது.

“ஏண்ணே, நல்ல காய்ல எல்லாம் பல்லுத் தடம் இருக்கே, ச்சீ” என்றேன் ஒரு நாள்.

“காயக் கடிக்காம வெல சொல்வாங்களா தங்கச்சி? எல்லாம் பெரிய மொதலாளிக பல்லு” என்றார், ஏதோ தங்கப் பல்லைச் சொல்வதுபோல.

பானு ஒவ்வொன்றையும் லேப்டாப் காமிரா முன்னால் பிடித்துப் படம் எடுத்தாள். ஆயிரம் படமும் ஏற்றி முடித்த அன்று சோதித்துப் பார்த்தோம். புதிதாக அண்ணன் கொண்டுவந்திருந்த கைப்பிடியிலிருந்து ஒரு காயைக் காட்டினால் ‘முதல் தரம்’ என்று பச்சையில் வந்தது. இன்னொன்றைக் காட்டினால் ‘மட்டம்’ என்று சிவப்பில் வந்தது. நாற்பது காய் காட்டினோம், நாற்பதும் சரி. யா அல்லாஹ், எனக்கே புல்லரித்துவிட்டது. பானு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இந்த முறை பள்ளியிலிருந்து ஒரே ஒரு புராஜெக்ட்டைத்தான் தேனிக்கு, மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள். அது இதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் மட்டும் ஓரமாக நின்று கேட்டார், “வர்றவங்க கைல காயக் குடுக்க வேணாமா ஆத்தா? காயத் தொடாம எவன் நம்புவான்?”

“இது டிஜிட்டல்ப்பா. யாரும் எதையும் தொட மாட்டாங்க” என்று பானு சொல்லிவிட்டாள். அண்ணன் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் அது சரி என்று அர்த்தமில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

கண்காட்சியன்று நானும் போனேன். புராஜெக்ட் பார்க்க இல்லை, என் லேப்டாப்புக்குக் காவல் இருக்க. வாங்கிப் பத்து மாதம்கூட ஆகவில்லை, அதை நம்பி எவரிடமும் விட முடியாது. பள்ளி ஹாலில் இருபத்திரண்டு மேசை, இருபத்திரண்டு திரை. மூன்று மேசையில் ஒரே எரிமலை ஒரே நேரத்தில் வெடித்தது. மூன்றையும் டவுன்லோடு செய்துகொடுத்தது நான்தான், அதனால் அதைப் பற்றி மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு திரையாக எட்டிப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து பானுவுக்குப் பின்னால் நின்றார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் பல் பிடுங்க வந்தவர் போலவே இருந்தது. “சாப்ட்டாச்சாண்ணே?” என்று கேட்டதற்குக்கூடத் தலைதான் ஆடியது.

சிறப்பு விருந்தினராக வந்தவர் பாண்டித்துரை. பெரிய ஏலக்காய் வியாபாரி. அண்ணன் தினமும் சாம்பிள் வைக்கிற முதல் வரிசையில் உட்காருகிறவர். எரிமலைகளை எல்லாம் “பேஷ், பேஷ்” என்று தாண்டி வந்தவர், ஏலக்காய் என்று திரையில் பார்த்ததும் நின்றுவிட்டார். சந்திரவல்லி டீச்சருக்கும் நடுவர்கள் இரண்டு பேருக்கும் முகத்தில் களை வந்தது. பானு கணீரென்று விளக்கினாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. கையோடு கொண்டுவந்து தட்டில் வைத்திருந்த காய்களைக் காட்டினாள். பச்சை, சிவப்பு, பச்சை, பச்சை. எல்லாம் சரியாக வந்தது.

பாண்டித்துரை தட்டைக் குனிந்து பார்த்தார். “என்னம்மா, எவனோ கடிச்சுப் போட்டத வச்சு வெளையாடுற? நல்ல காய் ஒண்ணு குடு, பாப்போம்” என்றார். சொல்லிக்கொண்டே, ஏல ஹாலில் உட்கார்ந்திருக்கிற பழக்கத்தில், யாரையும் பார்க்காமல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

நீட்டிய கையில் ஒரு பொட்டலம் வந்து உட்கார்ந்தது. வைத்தது மொக்கையன் அண்ணன். அவரும் யாரையும் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. வாயைத் திறக்காதே என்றுதானே மகள் சொன்னாள், கையை நீட்டாதே என்று சொல்லவில்லையே.

பாண்டித்துரை பொட்டலத்தைக் கிழித்துத் தட்டில் கொட்டினார். பார்த்தவுடன் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் போல் இருந்தது. பச்சைப் பசேலென்று, ஒன்றுபோல் ஒன்று, முழுசு முழுசாக. “ம்... எட்டு மில்லிக் காய்” என்றார் அவர். இருப்பதிலேயே பருமனான ரகத்துக்கு அதுதான் பேர். “இதக் காட்டும்மா.”

பானு ஒன்றை எடுத்துக் காமிரா முன்னால் பிடித்தாள்.

சிவப்பு. ‘மட்டம்’ என்று வந்தது.

இன்னொன்றை எடுத்தாள். மட்டம். இன்னொன்று. அதுவும் மட்டம். திருப்பிக் காட்டினாள், பக்கத்தில் கொண்டுபோனாள், திரையைத் துடைத்தாள். மட்டம், மட்டம், மட்டம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த மனிதரை யார் பொட்டலம் கொண்டுவரச் சொன்னது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னம்மா, இத மட்டம்னா போடில நல்ல காயே கெடையாதே” என்று பாண்டித்துரை சிரித்தார். நடுவர் ஒருத்தர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். பானுவின் கண் நிறைந்துவிட்டது. அழக் கூடாது என்று அவள் கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்தது எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒரு மாதம் என் கண் முன்னால் உழைத்த பிள்ளை.

அப்போது பார்த்தால், பின்னால் நிற்கிற அண்ணன் என்னவோ செய்துகொண்டிருந்தார். காற்றில் ஒன்றைப் பிடித்து, வாயருகே கொண்டுபோய், ‘கடக்’ என்று கடிப்பதுபோல் காட்டினார். பிறகு லேப்டாப்பைக் காட்டினார். மறுபடியும் கடித்தார். மறுபடியும் லேப்டாப்பு. “ஒங்க அப்பாவுக்கு லேப்டாப்பக் கடிக்கணுமாம்டி” என்று பக்கத்து மேசைப் பிள்ளை ஒன்று சொல்ல, ஹாலில் பாதிப் பேர் சிரித்தார்கள். அண்ணனுக்கு வியர்த்து ஊற்றியது. ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான், ஒரு சத்தம் வரவில்லை.

“அண்ணே, வாயத் தெறந்து சொல்லித் தொலைங்களேன்!” என்று நான் கத்தியே விட்டேன். அவர் பானுவைப் பார்த்தார். பானு திரும்பவில்லை. அவர் உதட்டை மறுபடி மடித்துக்கொண்டார்.

இத்தனை கலவரத்திலும் பாண்டித்துரையின் கை சும்மா இருக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு காயை எடுத்தார், பல்லில் வைத்துக் கடித்தார், விதையைப் பார்த்தார், “அருமையான காய்” என்று முணுமுணுத்துவிட்டு, கடித்ததைக் கீழே போடக் காமிராவுக்கு நேராகக் கையை நீட்டினார்.

பச்சை! ‘முதல் தரம்’ என்று வந்தது.

அவரே திடுக்கிட்டார். இன்னொன்றை எடுத்து, கடிக்காமல் காட்டினார். மட்டம். அதையே கடித்துக் காட்டினார். முதல் தரம். மூன்றாவதையும் கடித்தார். முதல் தரம்.

“அட பாவி மக்கா! இது காய்க்குத் தரம் போடல, என் பல்லுக்குத் தரம் போடுது!” என்று அவர் தொடையில் தட்டிச் சிரிக்க, ஹாலே சிரித்தது. சந்திரவல்லி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

சிரிக்காதவள் பானு ஒருத்திதான். தட்டில் அவள் கொண்டுவந்த காய்களையும் பொட்டலத்துக் காய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், டீச்சருக்குச் சொல்வதுபோல், தனக்கே சொல்வதுபோல்.

“நான் காட்டுன நல்ல காய் பூராங் கடிபட்ட காய். நான் காட்டுன மட்டக் காய் பூரா முழுக்காய். அதனால, கடிபட்டிருந்தா நல்லது, முழுசா இருந்தா மட்டம்னு இது கத்துக்கிருச்சு. தரம் பிரிக்கவே கத்துக்கல டீச்சர். நான் காட்டுனதத்தான் கத்துக்கிருச்சு.”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். “ஏம்ப்பா, ஆயிரங் காய்ல, நல்ல காய் ஒண்ணுகூட முழுசா நீ கொண்டாரலயா?”

“பேசலாமா ஆத்தா?” என்றார் அண்ணன்.

“பேசுப்பா.”

“நல்ல காய் முழுசா இருந்தா அது கம்பெனிக் காய் ஆத்தா. கூட்டி முடிச்சதும் அதப் பொறுக்கி மூட்டையில போட்ரணும். மொதலாளிக கடிச்சுப் போட்டதுக்கப்புறந்தான் அது நம்ம காய்.”

பானு விடவில்லை. “அம்மா மேல பறிக்குது. நீ கீழ கூட்டுற. நடுவுல நம்ம வீட்டுக்கு ஒரு நல்ல காய் முழுசா வந்ததே இல்லியா?”

“மேலயும் மடிய ஒதறிக் காட்டிட்டுத்தான் சாயங்காலம் ஜீப்புல ஏத்துவாங்க” என்றார் அண்ணன். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். ஒரு மாதம் என் மேசையில் கொட்டிய காயைப் பார்த்து ‘ச்சீ’ என்றவள்தானே நான்.

பாண்டித்துரைக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. வியாபாரி புத்தி. “அப்ப இந்தப் பொட்டலம் எங்கேர்ந்து வந்துச்சு மொக்கையா?”

அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த மளிகைக் கடைப் பில்லை எடுத்துக் காட்டினார். “கடைல வாங்குனேன் மொதலாளி. பெரிய மனுசங்க வர்ற எடத்துல, எச்சிக் காய எப்படிக் கைல குடுக்குறது?”

பாண்டித்துரை பில்லை வாங்கவில்லை. முகம் சிறுத்துவிட்டது. வாயில் மென்றுகொண்டிருந்ததை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழுங்கினார். முப்பது வருடமாகக் கடித்துத் துப்பியவர், அன்றைக்கு விழுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நடுவர்கள் ஒதுங்கிப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள். பேனாவை மூடியவர் அதைத் திறந்துகொண்டே வந்தார். “மெஷின் தப்பாச் சொல்லுச்சு, உண்மைதான். ஆனா இந்த இருபத்திரண்டு மேசையில, தன் மெஷின் எதனால தப்பாச் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னது இந்தப் பொண்ணு மட்டுந்தான். தேனிக்கு இதுதான் போகுது. ஆனா பதினஞ்சு நாளைக்குள்ள முழுக்காயக் காட்டித் திருப்பிப் பழக்கணும், சரியா?” என்றார்.

“காய்க்குக் கவலப்பட வேணாம். மொக்கையா, நாளைக்கு என் கிட்டங்கிக்கு வா, ரெண்டு கிலோ அள்ளிக்க” என்றார் பாண்டித்துரை.

“எண்ணிக் குடுங்க மொதலாளி. படம் புடிச்சிட்டு எண்ணித் திருப்பித் தந்துர்றேன்.”

“கிழிஞ்சது போங்க! ஒங்களத் திருத்தவே முடியாதுண்ணே” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

விருந்தினர் அடுத்த மேசைக்குப் போனார். கூட்டமும் கூடவே போனது. அண்ணன், தன்னால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்கிற முகத்தோடு, பேசலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். தட்டில் பொட்டலத்துக் காய் இன்னும் நாலைந்து முழுசாக மிச்சம் இருந்தது. பானு அதில் ஒன்றை எடுத்தாள். காமிராவில் காட்டப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். காட்டவில்லை. பல்லில் வைத்துக் கடித்தாள். பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மீதிப் பாதியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீ சொல்லுப்பா. இது என்ன தரம்?”

ஆயிரக்கணக்கான லாட்டுக்குச் சாம்பிள் எடுத்து வைத்த மனிதர். ஏல ஹாலில் ஒருத்தர்கூட, ஒரு நாள்கூட அவரிடம் இதைக் கேட்டதில்லை. அண்ணன் விதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். பெரிய வியாபாரிகள் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே படாமல் மென்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லேப்டாப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

“மொதத் தரம் ஆத்தா” என்றார் அவர். “கடைக்காரன் ஏமாத்தல.”